மாப்பிள்ளைக்கு 2,499 ரூபாயில் ரோலக்ஸ் வாங்கலாமா?

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். எனக்கு ஊர் கல்லிடைக்குறிச்சி. ஆவணியில் தங்கச்சி கல்யாணம். மாப்பிள்ளை மெர்ச்சன்ட் நேவியில் இருக்கிறார். மோதிரம் எடுத்தாச்சு. கூடவே என் கணக்கில் நல்ல வாட்ச் ஒன்று போட வேண்டும் என்று ஆசை. இன்ஸ்டாகிராமில் ரோலக்ஸ் சப்மரைனர் ‘ஃபர்ஸ்ட் காப்பி’, பெட்டி, வாரண்டி கார்டு எல்லாம் சேர்த்து 2,499 ரூபாய்க்கு வருகிறது. என் நண்பன் இதே மாதிரி ஒன்று வாங்கினான். பார்வைக்கு அசல்தான். ஆனால் நாலு மாசத்தில் நின்றுபோனது, பக்கத்து ஊர்க் கடையில் காட்டினால் ‘இதைத் தொடமாட்டேன்’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். நான் வாங்கலாமா? வாங்கினால் போலீஸ் கேஸ் ஆகுமா? கையில் அலர்ஜி வரும் என்கிறார்களே, நிஜமா? இல்லையென்றால் அதே காசுக்குப் பழைய ஹெச்.எம்.டி. ஒன்றை ஆன்லைனில் எடுத்துவிடட்டுமா?

பதில் சொல்பவர்: பாளையங்கோட்டையில் கடிகாரம் பழுது பார்ப்பவர்

வேண்டாம் தம்பி. கல்யாண வேலைக்கு நடுவில் நீளமாகப் படிக்க நேரமில்லை என்றால் இந்த ஒரு சொல் போதும். நேரம் இருந்தால் மேலே படியுங்கள். கேட்ட நாலு கேள்விக்கும் பதில் இருக்கிறது. நீங்கள் கேட்காமல் விட்ட விஷயம் ஒன்றும் இருக்கிறது, அது மாப்பிள்ளையின் வேலையைப் பற்றியது.

முதலில் உங்கள் 2,499 ரூபாய் எங்கே போகிறது என்று பார்ப்போம். இந்த ரகம் என் மேசைக்கு அடிக்கடி வரும். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பச்சை நிறத்தில் மினுங்குகிற ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஒரு காலத்தில் ரோலக்ஸ் அப்படி ஸ்டிக்கர் ஒட்டித்தான் கடைக்கு அனுப்பியது, அதை நிறுத்திப் பல வருஷமாகிறது. காப்பி அடிக்கிறவர்கள் மட்டும் இன்னும் நிறுத்தவில்லை. அசல் சப்மரைனரின் பின்மூடி மரை போட்டது. விளிம்பைச் சுற்றி வரிவரியாகப் பல் இருக்கும், அதற்கென்று உள்ள ஓப்பனர் இல்லாமல் திறக்க வராது. இந்த விலைக் காப்பியில் பெரும்பாலும் அமுக்கு மூடிதான். விளிம்பில் உள்ள இடுக்கில் கத்தி முனையை வைத்து நெம்பினால் ‘டக்’கென்று கழன்று வரும்.

திறந்ததும் கண்ணில் படுவது வெள்ளை பிளாஸ்டிக். கேஸ், அதாவது வாட்சின் வெளிக்கூடு, 40 மில்லிமீட்டர், உள்ளே இருக்கிற மெஷினோ 15-க்கு 18 மில்லிமீட்டர் சுமார். மிச்ச இடத்தை அடைக்க ஒரு பிளாஸ்டிக் வளையம். அந்த வளையமும் சரியாகப் பொருந்தாமல் இரண்டு இடத்தில் பசையை வைத்து நிறுத்தியிருப்பார்கள். அந்த அளவில் உள்ள மெஷின் மொத்தக் கடையில் இருநூறு ரூபாய்க்குக் கீழேயே கிடைக்கும். அதிலும் மியோட்டா போட்டிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம், அது ஜப்பான் சிட்டிசன் கம்பெனியின் மெஷின், ஒழுங்காக ஓடும். பாதி நேரம் அதையும் காப்பி அடித்த பெயரில்லாத மெஷின்தான் உட்கார்ந்திருக்கும்.

செல்லைப் பாருங்கள். அங்கே சில்வர் ஆக்சைடு செல் போட வேண்டும், எஸ்.ஆர். 626 என்று எழுதியிருக்கும். 1.55 வோல்ட், தீருகிற வரைக்கும் ஒரே சீராகக் கொடுக்கும், எளிதில் கசியாது. காப்பியில் அதே அளவில் எல்.ஆர். 626 என்ற அல்கலைன் செல்லைப் போட்டு அனுப்புகிறார்கள். விலை சில ரூபாய்தான் வித்தியாசம், ஆயிரக்கணக்கில் செய்கிறவனுக்கு அது லாபம். அல்கலைன் செல் சீக்கிரம் தளர்ந்துவிடும், தளர்ந்த பிறகு உள்ளேயே விட்டால் கசியும். கசிந்தது மெஷினில் உள்ள காயிலில் பட்டால் முடிந்தது. தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி அது, எங்காவது ஓரிடத்தில் அரித்து அறுந்தாலே முள் நகராது. உங்கள் நண்பரின் வாட்ச் நாலு மாசத்தில் நின்றதற்கு இது காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். திறந்து பார்த்தால் செல்லைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும்.

செல்லில் ஓடுகிற வாட்ச் மட்டம் என்று நான் சொல்லவில்லை. 1969 டிசம்பர் 25-ஆம் தேதி ஜப்பான் சீகோ கம்பெனி அஸ்ட்ரான் என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்ட நாளிலிருந்து, நேரம் காட்டும் விஷயத்தில் சாவி கொடுக்கிற வாட்ச் எதுவும் குவார்ட்ஸுக்குப் பக்கத்தில் வர முடியவில்லை. உள்ளே ஒரு பொடிக் கல் நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது, அதை எண்ணி முள்ளை நகர்த்துகிறார்கள். இருநூறு ரூபாய் மெஷினும் மாதத்துக்குச் சில நொடிதான் முன்னே பின்னே போகும். அது தன் பெயரோடு வந்தால் மரியாதையாகக் கையில் கட்டலாம்.

ரோலக்ஸ் பெயரோடு வந்தால்தான் சிக்கல். இன்றைக்கு அந்தக் கம்பெனி விற்கிற எதிலும் செல் கிடையாது. 1977-இலிருந்து 2001 வரை ‘ஆய்ஸ்டர்குவார்ட்ஸ்’ என்று கொஞ்சம் செய்தார்கள், அதோடு விட்டுவிட்டார்கள். சப்மரைனரில் எந்தக் காலத்திலும் செல் போட்டதில்லை. இப்போதைய சப்மரைனரில் மெஷின் மணிக்கு 28,800 தடவை துடிக்கும். அதாவது நொடி முள் ஒரு நொடிக்குள் எட்டுச் சின்ன அடி வைக்கும், பார்க்கிறவர் கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி தெரியும். காப்பியில் ‘டக், டக்’ என்று நொடிக்கு ஒரு குதி. வாட்ச் தெரிந்தவர் நாலடி தூரத்தில் நின்றே கண்டுபிடித்துவிடுவார். தேதிக்கு மேல் உள்ள உருப்பெருக்கிக் கண்ணாடியும் அப்படித்தான். அசலில் தேதியை இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்டும், கட்டம் முழுக்க எண் நிறைந்திருக்கும். மலிவுக் காப்பியில் எண் உள்ளுக்குள் சின்னதாக ஒடுங்கிக் கிடக்கும்.

இதை நீங்கள் விற்கிறவரிடம் சொன்னால், ‘அண்ணா, இன்னும் கொஞ்சம் கூடப் போடுங்க, ஆட்டோமேட்டிக் தர்றோம், முள் வழுக்கிட்டே போகும்’ என்பார். அது சீன ஆட்டோமேட்டிக் மெஷின், கை அசைவிலேயே சாவி ஏறிக்கொள்கிற ரகம். பெரும்பாலும் மணிக்கு 21,600 துடிப்பு, நொடிக்கு ஆறு அடி. கையை ஆட்டினால் உள்ளே தகடு சுற்றுகிற சத்தம் வெளியே கேட்கும். சக்கரத்தின் அச்சு சுற்றுகிற, எண்ணெய் போட வேண்டிய கல்லில் போடாமல், போடக் கூடாத இடத்தில் வழிய விட்டிருப்பார்கள். ஆட்டோமேட்டிக் என்றால் சில வருஷத்துக்கு ஒருமுறை பிரித்துக் கழுவி எண்ணெய் போட வேண்டும். அந்தக் கூலி வாட்ச் விலையில் பாதியைத் தொடும். குவார்ட்ஸ் காப்பியாவது செத்தால் மெஷினையே மாற்றிப் போடலாம். இதில் அதுவும் சுலபமில்லை.

சரி, அந்தக் கடைக்காரர் ஏன் தொடமாட்டேன் என்றார்? திமிர் என்று நினைக்காதீர்கள். அமுக்கு மூடியைத் திறந்துவிட்டால் பல தடவை திரும்ப மூடாது. விளிம்பு மட்டமான உலோகம், ஒருதரம் நெம்பினாலே வளைந்துவிடும். பிரஸ்ஸில் வைத்து அமுக்கினால் முன்பக்கக் கண்ணாடி தெறிக்கும், அது பசையில்தான் நிற்கிறது. சாவியின் தண்டு எந்த அளவுக்கும் ஒத்து வராது. டயலின் அடியில் இருக்க வேண்டிய இரண்டு கால்களை உடைத்துவிட்டுப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், மெஷினைக் கழற்றும்போது டயல் தனியாகக் கையோடு வரும். கடைசியில் ‘நல்லா ஓடிட்டிருந்த ரோலக்ஸை இவன் கெடுத்துட்டான்’ என்று பேர் நமக்கு. ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டு எழுத ஒரு விலாசம் கிடையாது. செய்தவன் யார் என்றே தெரியாத சாமானுக்கு நான் எப்படிக் கேரண்டி கொடுக்க?

அடுத்து தண்ணீர். மாப்பிள்ளைக்கு இதுதான் முக்கியம். சப்மரைனர் என்பது 1953-இல் கடலுக்குள் மூழ்கி வேலை செய்கிறவர்களுக்காக வந்த வாட்ச், இப்போது 300 மீட்டர் ஆழம் வரை உத்தரவாதம் கொடுக்கிறார்கள். காப்பியிலும் டயலில் அதே 300 மீட்டர் அச்சடித்திருக்கும், அச்சடிக்க என்ன செலவு? உள்ளே பார்த்தால் பின்மூடியில் ரப்பர் வாஷர் நூல் மாதிரி கிடக்கும், சில வாட்சில் அதுவும் இருக்காது. சாவியைத் திருகி இறுக்குவது மாதிரி மரை வெட்டியிருப்பார்கள், இறுக்கினாலும் தண்ணீரை மறிக்க உள்ளே ஒன்றும் கிடையாது. குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிட்டால் போதும், கண்ணாடிக்குள் ஆவி பிடித்த வாட்சுகள் எங்கள் கடைகளுக்கு வரிசையாக வரும். மெயின் அருவியில் கையோடு தலையைக் கொடுத்துவிட்டு ‘300 மீட்டர்னு போட்டிருக்கே அண்ணாச்சி’ என்பார்கள்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், நல்ல வாட்ச் வாங்கும்போதும் உதவும். 30 மீட்டர் என்று எழுதியிருந்தால் முப்பது மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. அசையாமல் வைத்து அந்த அழுத்தத்தில் சோதித்தார்கள், அவ்வளவே. கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீர், சாரல், இவற்றைத் தாங்கும். தாமிரபரணியில் இறங்கி நீந்த வேண்டும் என்றால் 100 மீட்டராவது வேண்டும். காப்பியில் எந்த எண் எழுதியிருந்தாலும் அதைச் சோதித்த ஆள் ஒருவரும் இல்லை.

அலர்ஜி பற்றிக் கேட்டீர்கள். எல்லோருக்கும் வராது, வருகிறவர்களுக்கு நிஜமாகவே வரும். பெரும்பாலும் நிக்கல்தான் காரணம். கேஸும் செயினும் ஸ்டீல் என்று சொல்லி விற்பார்கள். உண்மையில் அது துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றி எடுத்தது, மேலே நிக்கல் பூச்சு, அதற்கு மேல் பெயருக்கு மினுமினுப்பு. தங்க நிறச் செயின் என்றால் அந்த மேல்பூச்சு ஒரு மைக்ரான்கூட இருக்காது. நம் ஊர்ச் சித்திரை வெக்கையில் வேர்வையும் உப்புமாக மணிக்கட்டில் ஊறினால் சில மாதத்தில் பூச்சு தேய்ந்து அடியில் உள்ளது தோலைத் தொடும். முதலில் அரிப்பு, பிறகு செயின் பட்ட இடமெல்லாம் சிவந்த தடிப்பு, பொடிப்பொடியாகக் கொப்புளம். ஒருமுறை உடம்புக்கு நிக்கல் ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் அப்படித்தான். பெல்ட் பக்கிள், ஜீன்ஸ் பொத்தான் என்று எது பட்டாலும் திரும்ப வரும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கென்றே வரம்பு வைத்திருக்கிறார்கள். தோலை ஒட்டியே இருக்கிற சாமானிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது. நல்ல வாட்சில் போடுகிற 316 எல் ஸ்டீலிலும் நிக்கல் உண்டு, ஆனால் உள்ளேயே கட்டுண்டு கிடக்கும், வெளியே வருவது மிகக் கொஞ்சம். கடையில் பார்க்கும்போது ஒரு சின்ன அடையாளம் சொல்கிறேன். பின்மூடியில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று எழுதியிருந்தால் மூடி மட்டும்தான் ஸ்டீல், மிச்சக் கேஸ் பித்தளையோ வேறு கலவையோ. அசல் கம்பெனிகளும் மலிவு மாடல்களில் இப்படிப் போடுவதுண்டு, அவர்கள் அதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறார்கள். நண்பருக்குக் கையில் தடிப்பு வந்திருந்தால் வாட்சைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள், கண்ட களிம்பையும் தடவாமல் தோல் டாக்டரிடம் காட்டட்டும்.

போலீஸ் கேஸ் விஷயம். நான் வக்கீல் இல்லை, ஆனால் கடை வைத்திருக்கிறவன் என்ற முறையில் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியது என் பிழைப்பு. 1999-ஆம் ஆண்டு டிரேட் மார்க் சட்டத்தின் 103, 104 பிரிவுகள் அடுத்தவர் பெயரைப் பொய்யாகப் போடுகிறவரையும், அப்படிப் போட்டதை விற்கிறவரையும், விற்பதற்காக வைத்திருப்பவரையும் பிடிக்கும். ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தன் கைக்கு ஒன்று வாங்கிக் கட்டுகிறவரை அந்தப் பிரிவுகள் தொடவில்லை. ஆகவே நீங்கள் ஒன்று வாங்கினால் கல்லிடைக்குறிச்சிக்கு ஜீப் வராது. ஆனால் ‘மொத்தமாக எடுத்தால் விலை குறையும்’ என்று நாலைந்து சேர்த்து வாங்கி, கூட இருக்கிறவர்களுக்கு இருநூறு ரூபாய் லாபம் வைத்துக் கொடுத்தீர்கள் என்றால் நீங்கள் விற்கிறவர் ஆகிவிட்டீர்கள். காலேஜ் பிள்ளைகள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இப்படி ‘ரீசெல்லிங்’ செய்வதைப் பார்க்கிறேன், அவர்களுக்கு இது தெரிவதே இல்லை.

உள்ளூரில் இப்படி. ஆனால் மாப்பிள்ளை உள்ளூரில் இருக்கப் போவதில்லையே! இதுதான் நீங்கள் கேட்காமல் விட்டது. இத்தாலி, பிரான்ஸ் மாதிரி நாடுகளில் போலிச் சாமானை வாங்கினவர், கையில் வைத்திருப்பவர் மீதும் சட்டம் பாயும். பறிமுதல் செய்வதோடு அபராதமும் உண்டு. கப்பல்காரர் எந்தத் துறைமுகத்தில் எப்போது இறங்குவார் என்று யார் கண்டது? இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தில் இறங்கும்போது மச்சினன் அன்பாகப் போட்ட வாட்சுக்காக அவர் ஒரு அதிகாரியிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டுமா? அது நடக்காமலே போகலாம். கப்பலில் கூட வேலை பார்க்கிறவர்கள் கண்டுபிடிப்பது மட்டும் கட்டாயம் நடக்கும். நாலு நாட்டுத் துறைமுகத்தில் அசல் வாட்சைக் கண்ணாடிக்குள் பார்த்துப் பழகினவர்கள் அவர்கள். கல்யாணப் பரிசு என்று மாப்பிள்ளை பெருமையாகக் கட்டிக்கொண்டு போவார், சிரிப்பு அவருக்குத் தெரியாமல் பின்னால் நடக்கும். நீங்கள் காப்பி என்று சொல்லிக் கொடுக்கப் போகிறீர்களா, சொல்லாமலா? சொன்னால் எதற்குக் கொடுக்கிறீர்கள் என்று இருக்கும், சொல்லாவிட்டால் தங்கச்சியின் புகுந்த வீட்டில் முதல் பொய் உங்களுடையது.

ஆன்லைனில் இதை விற்கிற முறையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ‘டெலிவரிக்கு மட்டும் 200 ரூபாய் அட்வான்ஸ், மிச்சம் கையில் வாங்கிக்கொண்டு’ என்பார்கள். இருநூறை ஜிபேயில் அனுப்பியதும் உங்களை பிளாக் செய்துவிட்டால் போனது இருநூறுதானே என்று யாரும் புகார் கொடுப்பதில்லை. அதுதான் அவர்கள் கணக்கே. பார்சல் வந்தாலும் பணத்தைக் கொடுத்த பிறகுதான் பிரிக்க விடுவார்கள். படத்தில் காட்டியது ஒன்று, பெட்டியில் இருப்பது வேறு. ‘கஸ்டம்ஸில் பிடித்த அசல் சரக்கு’ என்று கதை விடுகிற பக்கங்களும் உண்டு. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி இணையத்தில் விற்கிறவர் தன் சட்டப்படியான பெயர், விலாசம், குறை கேட்கும் அலுவலர் யார் என்பதையெல்லாம் வெளிப்படையாகப் போட வேண்டும். அந்த இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இதில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு செல்போன் நம்பர் இருக்கும், அவ்வளவுதான். வாரண்டி கார்டு தருகிறோம் என்கிறார்களே, அதைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்குப் போவீர்கள்? ஏற்கெனவே பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள், அது சைபர் மோசடிக்கான எண். கடைக்காரரோடு நுகர்வோர் தகராறு என்றால் 1915.

பழைய ஹெச்.எம்.டி. பற்றிக் கேட்டது எனக்குச் சந்தோஷம். 1961-இல் ஜப்பான் சிட்டிசன் கூட்டோடு பெங்களூரில் தொடங்கி, கல்யாண மாப்பிள்ளை கையில் ஒரு காலத்தில் ஹெச்.எம்.டி.தான் என்று ஆக்கிவைத்த கம்பெனி. 2016-இல் வாட்ச் பிரிவை மூட அரசு முடிவெடுத்த பிறகு பழசுக்கு மவுசு கூடிவிட்டது. மவுசு கூடினால் தில்லுமுல்லும் கூடும். சாவி கொடுக்கிற ஜனதா மாடல் ஒன்றின் டயலைச் சுரண்டி, சிவப்பு, பச்சை, மயில் நீலம் என்று கம்பெனி கனவிலும் செய்யாத நிறங்களில் பெயின்ட் அடித்து, மேலே பெயரை அச்சடித்து ‘பழைய ஸ்டாக், புத்தம் புதுசு’ என்று ஆன்லைனில் போடுகிறார்கள். எங்கள் தொழிலில் இதை ‘மும்பை ஸ்பெஷல்’ என்போம். மெஷின் உண்மையானதாக இருக்கும், அதிலும் இரண்டு மூன்று வாட்சின் பாகங்களைச் சேர்த்துக் கோர்த்திருப்பார்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தின் ஓரம் தடித்துக் கசிந்திருந்தாலோ, நிமிஷ முள் நிமிஷக் கோட்டைத் தொடாமல் குட்டையாக நின்றாலோ, பின்மூடியில் வேறு மாடல் பெயர் இருந்தாலோ விட்டுவிடுங்கள். நல்லதாகவே கிடைத்தாலும் கப்பல்காரருக்கு அது பொருந்தாது. தினம் சாவி கொடுக்க வேண்டும், தண்ணீர் ஆகவே ஆகாது. உங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தா கட்டின ஹெச்.எம்.டி. ஏதாவது கிடந்தால் அது வேறு கதை. அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள், கழுவி எண்ணெய் போட்டுத் தருகிறேன். அதை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள், மாப்பிள்ளைக்கு வேண்டாம்.

அப்புறம் என்னதான் வாங்குவது? சப்மரைனர் வடிவம்தான் பிடித்திருக்கிறது என்றால் அதே மாதிரி சுற்றுவளையம், உருண்டைப் புள்ளிகள் வைத்து, தன் சொந்தப் பெயரைப் போட்டு விற்கிற கம்பெனிகள் உண்டு. சாயல் இருப்பது குற்றமில்லை, பெயரைத் திருடுவதுதான் குற்றம். ஆனால் உங்கள் பட்ஜெட்டுக்கு நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். சொனாட்டா, டைமெக்ஸ், கேசியோ, டைட்டனில் சில மாடல்கள் என்று 2,500 ரூபாய்க்குள்ளும் அதை ஒட்டியும் கடையில் நிறைய இருக்கிறது. டைட்டன் 1984-இல் டாடாவும் நம் மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி, ஓசூரில் தொழிற்சாலை. சர்வீஸ் சென்டர் திருநெல்வேலியிலேயே இருப்பதால் எனக்கு லாபமில்லாத யோசனைதான் இது, இருந்தாலும் சொல்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என்றால் என் ஓட்டு கேசியோவுக்கு. கப்பலில் நாட்டுக்கு நாடு நேரம் மாறும், ஊரில் தங்கச்சி முழித்திருக்கிறாளா என்று பார்த்துத்தான் போன் பண்ண வேண்டும். ஏ.இ. 1200 என்று ஒரு டிஜிட்டல் மாடல் இருக்கிறது. உலக நேரம் காட்டும், 100 மீட்டர் தண்ணீர் தாங்கும், செல் பத்து வருஷம் வரும் என்று கம்பெனியே சொல்கிறது. உங்கள் தொகையை ஒட்டித்தான் வரும், கடையில் விலை கேட்டுக்கொள்ளுங்கள். மண்டபத்தில் பட்டு வேட்டிக்கு டிஜிட்டல் எடுபடாது என்று வீட்டில் சொன்னால், முள் வைத்த எம்.ஆர்.டபிள்யூ. 200-ஐப் பாருங்கள், அதுவும் 100 மீட்டர். ரப்பர் ஸ்ட்ராப், உப்புத் தண்ணீருக்குப் பயமில்லை. வீட்டுப் பெண்கள், செயின் வைத்த வாட்ச்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றால் செயின் வைத்ததே வாங்குங்கள், கல்யாண வீட்டில் வாட்சுக்காகச் சண்டை வேண்டாம்.

எங்கே வாங்குகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். கேசியோவையும் காப்பி அடிக்கிறார்கள். 1989-இல் வந்த எஃப்-91 டபிள்யூ, இன்றைக்கும் மலிவான வாட்ச், அதற்கே உலகம் முழுக்கப் போலி. ஆகவே திருநெல்வேலி ஜங்ஷனிலோ டவுனிலோ வண்ணார்பேட்டையிலோ நல்ல கடையில், கம்பெனி ஷோரூமில் நேரில் எடுங்கள். பெட்டியில் எம்.ஆர்.பி., தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், விலாசம், மாதம், வருஷம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும், எடை அளவுச் சட்டப்படி அது கட்டாயம். அதில் உள்ள மாடல் எண்ணும் பின்மூடியில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வாரண்டி கார்டில் கடை சீலும் தேதியும் போட்டு வாங்குங்கள், பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நண்பரின் வாட்சுக்கு இன்னும் செலவு செய்ய வேண்டாம். கட்டாயம் ஓட்ட வேண்டும் என்று அடம்பிடித்தால் கொண்டுவரச் சொல்லுங்கள், வேறு மெஷின் பொருந்துகிறதா என்று பார்க்கிறேன், உத்தரவாதம் கிடையாது. அதுவரை செல்லையாவது எடுத்துவிடட்டும். எடுத்த செல்லைக் குழந்தைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கக் கூடாது, பொத்தான் செல்லை விழுங்கிவிட்டால் நேரே ஆஸ்பத்திரிதான். முடியாது என்றால் சவத்தைத் தூக்கி அலமாரியில் போடச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளைக்குச் செயின் வாட்ச் எடுத்தீர்களானால் முன்கூட்டியே அவர் மணிக்கட்டு அளவை நூல் வைத்து அளந்து வாங்கிக்கொள்ளுங்கள், தங்கச்சியிடம் சொன்னால் காதும் காதும் வைத்த மாதிரி வேலை முடிந்துவிடும். அந்த அளவுக்குக் கடையிலேயே செயினை வெட்டித் தருவார்கள். கழற்றிய கண்ணிகளை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள், ஒரு சின்னக் கவரில் போட்டு, பில்லோடு பெட்டிக்குள் வையுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு விருந்து விருந்தாகச் சாப்பிட்டுக் கை பெருக்கத்தானே செய்யும், அப்போது இரண்டு கண்ணி சேர்க்க வேண்டியிருக்கும்.